சுவரில் மாட்டிய வாக்கியம்

“தம்பி, நாளைக்கு உனக்கு நேர்முகத் தேர்வு. ராத்திரி தூக்கம் வராது. வராவிட்டால் போகட்டும். சட்டையை மட்டும் இன்றைக்கே இஸ்திரி போடச் சொல்லிவிடு.”

சாப்பாட்டு மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டே அண்ணன் சொல்லிக்கொண்டு வந்தார். மேசையில் கணினியின் முன்னால் உட்கார்ந்து அண்ணி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் விரல்கள் நின்றன.

“யார்கிட்டச் சொல்றது?”

“எதை?”

“இஸ்திரி போடச் சொல்லி.”

“வீட்ல யாராவது இருப்பாங்கல்ல. அவங்ககிட்ட.”

“ம்,” என்றார் அண்ணி. விரல்கள் மறுபடி ஓடின.

அண்ணன் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, புத்தக அட்டை வைத்த பெயர். மேலே சின்ன எழுத்தில் ‘அண்ணன்’ என்று போட்டு, கீழே பெரிய எழுத்தில் ‘எழுந்திரு தம்பி’, ‘ஓடு தம்பி’, ‘வென்று வா தம்பி’ என்று வரிசையாகத் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வந்தன. படித்தவர்கள் அண்ணன் என்றார்கள், பதிப்பாளர் அண்ணன் என்றார், வங்கியில் டோக்கன் கொடுக்கிறவர்கூட அண்ணன் என்றார். அவர் அண்ணன் ஆனதும் மனைவி தானாக அண்ணி ஆகிவிட்டார். அவரைக் கேட்டுக் கொடுத்த பட்டம் இல்லை. குக்கர் வாங்கினால் இலவசமாக வருகிற கரண்டி மாதிரி, அதுவும் பெட்டிக்குள் கூடவே வந்தது.

குக்கர் என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுத வருமுன் அண்ணன் பாத்திரக் கடையில் விற்பனையாளர். லேசுப்பட்ட விற்பனையாளர் இல்லை. மணிக்கட்டைப் பிடித்தபடி நுழைகிறவருக்குக் கனமான வாணலியைக் காட்ட மாட்டார். தனியாக இருப்பவர் தலையில் பெரிய குக்கரைக் கட்ட மாட்டார். “வீட்ல எத்தனை பேரு? யாரு சமைக்கறது? கை வலி, தோள் வலி ஏதாவது உண்டா?” என்று கேட்ட பிறகுதான் அலமாரியில் கை வைப்பார். “போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கறான்யா. ஆனா ஒருத்தரும் வெறுங்கையோட வெளிய போறதில்ல,” என்று முதலாளி பெருமையாக அலுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் புத்தகம் எழுத உட்கார்ந்ததும் கேள்விகளையெல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். எதிரே ஒரே ஒரு வாடிக்கையாளரை உட்கார வைத்துக்கொண்டு அவனிடமே பேசினார். இளைஞன். நல்ல கால், நல்ல கண், வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உள்ளவன். உற்றுப் பார்த்தால் அது பழைய அண்ணனேதான். தலையில் முடி மட்டும் கூடுதல்.

புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களுக்கும் தலை நிமிராமல் ‘என் தம்பிக்கு’ என்றே எழுதிக் கொடுப்பார். ஒரு முறை, அவரைவிட மூத்த ஓர் அம்மாள் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “எனக்குத் தம்பியே இல்லீங்களே, இதை நான் யாருக்குக் குடுக்கறது?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கும் ‘என் தம்பிக்கு’ என்று எழுதினார். அடுத்த ஆள் அந்த அம்மாளின் மருமகள்.

இப்போது எழுதுவது ‘பயப்படாதே தம்பி’. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மேசையில் கிடந்த ஃபோன் அடித்தது. பதிப்பாளரம்மா.

“அண்ணே, கடைசி அத்தியாயம் எங்க?”

“ஓடிக்கிட்டிருக்கும்மா.”

“ஓடறது கேக்குது. எந்தப் பக்கம் ஓடுதுன்னுதான் தெரியல. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா அச்சகத்துல நம்ம இடத்தைப் பாடநூல்காரர் தூக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் பள்ளிக்கூடம் தெறந்து முடிச்சப்புறம்தான் நமக்கு மெஷின் கெடைக்கும்.”

“அனுப்பிடறேன்.”

“போன புஸ்தகத்துல பாதிப் பெட்டி கடைகள்லேர்ந்து திரும்பி வந்திடுச்சு. சொல்லிக் காட்டலண்ணே. சும்மா ஞாபகப்படுத்தறேன்.”

 இந்தப் புத்தகமும் திரும்பி வந்தால் அடுத்தது கிடையாது என்பதைப் பதிப்பாளரம்மா நல்ல மாதிரியாகச் சொல்லிவிட்டார். பயத்தை விரட்டுவது எப்படி என்று சொல்லவேண்டிய மனிதருக்கு உள்ளங்கை வியர்த்தது. வேட்டைக்குப் போகிறவர் பாவனையில் குரலை உயர்த்தினார்.

“தம்பி, ஆண்மகனாக உள்ளே போ. நெஞ்சை நிமிர்த்து. உன்னை நம்பி வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதை மறக்காதே. அடிச்சாச்சா?”

“ஆச்சு.”

அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். எழுத்துப் பிழையே விடாத அண்ணி, ‘நெஞ்சை நிறுத்து’ என்று அடித்திருந்தார்.

“என்னம்மா இது? நெஞ்சை நிறுத்தினா படிக்கறவன் செத்துப் போயிடுவானே.”

“மாத்திடறேன்.” மாற்றினார். சேமித்தார். எழுந்துகொண்டார். “வெளிய ஒரு வேலை இருக்கு. போயிட்டு வந்துடறேன்.”

“இப்பவா? அத்தியாயம்?”

“நீங்க சொல்லச் சொல்ல ஃபோன்ல பதிவு பண்ணி வைங்க. வந்து அடிச்சுத் தர்றேன்.”

கைப்பையும் ஒரு ஃபைலுமாக அண்ணி வாசலைத் தாண்டினார். நல்ல உடுப்பு. மடிப்புக் கலையாத இஸ்திரி. யாரிடமும் சொல்லாமல் அவரே போட்டுக்கொண்ட இஸ்திரி. அது அண்ணனின் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

ஃபோனை மேசையில் சாய்த்து வைத்து அண்ணன் பேசிப் பார்த்தார். வரவில்லை. எதிரே ஆள் இருந்து விரல் சத்தம் கேட்டால்தான் அவருக்குச் சொல் வரும் போலிருக்கிறது. இத்தனை புத்தகத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அது தெரிந்தது. டீ போட்டுக் குடித்தார், சன்னலைத் திறந்தார், மூடினார். ‘தம்பி’ என்று ஆரம்பித்து ஏழெட்டு வாக்கியங்களைப் பாதியில் கைவிட்டார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. கல்லூரிக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“வேணாம்மா, கெளம்பாதீங்க. அங்கயே இருங்க. தண்ணி குடிங்க. இல்லம்மா, கெளம்பாதீங்கன்னா.”

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறந்தார். “அம்மாவா? என்னாச்சு? விபத்து ஏதாவது…”

மகள் ஃபோனைக் கையால் பொத்தினாள். “ஒண்ணும் இல்லப்பா. அம்மாவுக்கு இன்னிக்கு இன்டர்வியூ.”

“என்ன இன்டர்வியூ?”

“மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. கிடங்குப் பொறுப்பாளர் வேலை. நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மா பாத்த வேலைதானே அது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்வீங்கன்னு பயம். அது இருக்கட்டும். அம்மா அங்க உக்காந்திருக்காங்க. பேர் கூப்பிடறதுக்குள்ள திரும்பி வந்துடறேங்கறாங்க. கை நடுங்குதாம். இந்தாங்க, பேசுங்க. பயத்துக்கு நீங்கதானே ஸ்பெஷலிஸ்ட்டு.”

ஃபோன் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அண்ணி மூச்சு விடுவது மட்டும் கேட்டது, சின்னச் சின்னதாக.

“இங்க பாரு,” என்றார் அண்ணன். “நெஞ்சை…” என்று ஆரம்பித்தார். மேலே போகவில்லை.

இருப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ‘ஆண்மகனாக உள்ளே போ.’ வைத்துவிட்டார். ‘உன்னை நம்பி வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.’ இப்போது வீட்டில் காத்திருப்பது அவர்தான். ‘தோற்றால் என்ன, உனக்கு வயது இருக்கிறது.’ அதைத் தொடவே பயமாக இருந்தது. ‘உன் மனைவியின் முகத்தை நினைத்துக்கொள்.’ யாருடைய மனைவி? அலமாரியில் நூற்றுக்கணக்கில் சாமான் அடுக்கியிருக்கிறது. முதன்முறையாக ஒரு வாடிக்கையாளர் நேரில் வந்து அவசரமாகக் கை நீட்டுகிறார். எடுத்துக் கொடுக்க ஒன்றுகூட அளவு சேரவில்லை.

“இருக்கீங்களா?” என்றது அண்ணியின் குரல்.

“இருக்கேன்.”

“ஒண்ணும் சொல்லலையே.”

“தேடறேன்.”

 “பரவால்ல, விடுங்க. நான் வந்துடறேன். இந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல.”

“எந்தச் செவுரு?”

இணைப்பு போய்விட்டது. மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை. மகளிடம் முகவரி வாங்கிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு அண்ணன் தெருவில் இறங்கினார்.

வாடகைக் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பாதி வழியில் பதிப்பாளரம்மாவின் பெயர் ஃபோனில் மின்னியது. அண்ணன் எடுக்கவில்லை. அதற்குள் மனைவி கிளம்பியிருந்தால்? எந்தப் பேருந்தில் உட்கார்ந்து எந்தச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்? வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்து, “சொல்லுங்க, எங்க விட்டோம்?” என்று கேட்டுவிடுவாளோ? அந்தக் கேள்வியை நினைத்ததும், “கொஞ்சம் வேகமாப் போங்க,” என்றார் ஓட்டுநரிடம்.

கம்பெனியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். அட்டைப்பெட்டி வாசனையும் மருந்து வாசனையும் கலந்த முன்கூடம். ஒரு தண்ணீர்க் குடுவை, வரிசையாக நாற்காலிகள், மூலையில் வரவேற்பாளர் பெண்ணின் மேசை. நாற்காலிகளில் மூன்று பேர். தலை நரைத்த ஒரு மனிதர் ஃபைலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு பெண், பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்தார். கடைசி நாற்காலியில், கிளம்புவதா வேண்டாமா என்று பாதி எழுந்த வாக்கில் அண்ணி.

எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பெரிய எழுத்தில் மாட்டியிருந்தது:

‘வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கும் சேர்த்து ஓடுகிறவன் நீ. ஓடு, தம்பி. — அண்ணன்.’

நிஜத்தைச் சொல்லவேண்டும் என்றால், அண்ணனுக்கு ஒரு கணம் பூரிப்பாகத்தான் இருந்தது. தன் சரக்கு அடுத்தவர் கடை வாசலில் தொங்குவதைப் பார்க்கும்போது வியாபாரிக்கு வருகிற பூரிப்பு. அந்த ஒரு கணம்தான். அப்புறம் அவர் பார்வை சட்டத்திலிருந்து இறங்கி, அதற்கு நேர் எதிரே இருந்த கடைசி நாற்காலிக்கு வந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றார் அண்ணி. “அத்தியாயம்?”

“அது கெடக்கட்டும்.”

“உள்ள என்ன கேப்பாங்கன்னு தெரியும். இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. யோசிச்சு யோசிச்சுப் பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். நல்ல பதில்தான். இங்க வந்து உக்காந்தா, எனக்கு முன்னாடியே பதிலை எழுதி மாட்டி வெச்சிருக்காங்க. சும்மா இருந்தேன்னு.”

“அது உன்னை நெனச்சு எழுதலம்மா.”

“தெரியும். என்னை நெனச்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க.”

சத்தமே போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் அண்ணனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நீதானே டைப் அடிச்ச. அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“அடிக்கும்போது விரல் நின்னுது. நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு, ‘அடிச்சாச்சா’ன்னு கேட்டீங்க. ‘ஆச்சு’ன்னுட்டேன்.”

காலையில் விரல் நின்றதும் அண்ணனுக்கு நினைவு வந்தது. அதற்கு முன்பும் நின்றிருக்கிறது, பல தடவை. அப்போதெல்லாம் களைப்பு என்றோ, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றோ நினைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறார். வாடிக்கையாளர் சாமானைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினால் கடையில் ஒரு நாளும் அவர் கவனிக்காமல் விட்டதில்லை.

“உனக்கு இப்ப எதைப் பாத்து பயம்? எனக்குத் தெரியல. நீயே சொல்லு,” என்றார். பாத்திரக் கடையை விட்டு வந்த பிறகு அவர் செய்த முதல் விசாரணை அது.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். “மாட்டி வெச்சிருக்காங்கன்னா, நம்பறாங்கன்னுதானே அர்த்தம்? அதை நம்பறவங்க முன்னாடி போய் நான் என்னத்தைச் சொல்றது?”

அண்ணன் எழுந்து வரவேற்பாளர் மேசைக்குப் போனார்.

“அம்மா, அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கழட்ட முடியுமா?”

“ஏன் சார்? ஆணி ஆடுதா?”

“ஆணி நல்லாதான் இருக்கு. வாக்கியம்தான் சரியில்ல.”

“சார், அது எங்க முதலாளி ஆசை ஆசையா மாட்டினது. அண்ணன் எழுதினது. பெரிய எழுத்தாளர்.”

“அந்த அண்ணன் நான்தான்.”

அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்து ‘ஓடு தம்பி’யை எடுத்தாள். பின்னட்டையைத் திருப்பி அதிலிருந்த படத்தைப் பார்த்தாள். எதிரே நின்றவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“அண்ணனுக்கு முடி இருக்கு சார்.”

“அது பழைய படம்மா.”

“இருக்கலாம். ஆனா நீங்க நிஜமாவே அண்ணனா இருந்தா, உங்க வரியை நீங்களே எதுக்குக் கழட்டச் சொல்றீங்க? கூட நின்னு ஃபோட்டோதானே எடுத்துப்பீங்க? உக்காருங்க பெரியவரே. கொஞ்சம் தண்ணி குடிங்க.”

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் பதறித் திரும்பினார், அழுகை என்று நினைத்து. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அவர்தாம்மா அண்ணன்,” என்றார் ஒருவழியாக. “அந்த முடி போனதுக்கு நான் சாட்சி.”

வரவேற்பாளர் பெண் விறைத்து எழுந்து நின்றுவிட்டாள். நரைத்த தலைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்ப நானும் ஒண்ணு கேக்கலாங்களா? ‘முப்பதுக்குள் முளைக்காதவன் முளைக்கவே மாட்டான்’னு எழுதினதும் நீங்கதானே? நான் வேலை பாத்த கம்பெனியை மூடினப்ப என் மகன் அந்தப் புஸ்தகத்தைத்தான் பரிசாக் குடுத்தான். அவன் மேல தப்பு இல்ல, படிச்சுப் பாக்காம வாங்கிட்டான். நான் படிச்சுட்டேன்.”

ஊன்றுகோல் வைத்திருந்தவர் குறும்பாகப் புன்னகைத்தார். “நான் படிக்கல சார். பொருளடக்கத்துல ‘நொண்டிச் சாக்கு சொல்லாதே’ன்னு ஒரு தலைப்பு இருந்துது. அப்படியே மூடிட்டேன். உள்ள எனக்கு வேண்டியது ஏதாவது இருந்திருக்கலாம். வாசல்லயே தடுத்து அனுப்பிட்டா உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

அண்ணனுக்குக் கடைகளிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் கண்முன் வந்தன.

உள்ளே ஒரு கதவு திறந்து யாரோ அண்ணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருக்கென்று இருக்கிற சொந்தப் பெயரை. அண்ணி எழுந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வெளிக்கதவையும் உள்கதவையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் அவசரமாக அவர் பக்கத்தில் வந்தார்.

“நான் ஏதாவது சொல்லட்டுமா?”

“ஒண்ணும் சொல்லாதீங்க. இந்தப் பையைப் பிடிங்க.”

ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்கதவின் பக்கம் நடந்தார். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே இருந்தது, வேறெங்கும் பார்க்க முடியாதபடி. நரைத்தவர் தன் ஃபைலைத் தடவுவதை விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லதா, நேரம் ஆனால் நல்லதா என்று அவருக்கே தெரியவில்லை. ஃபோன் மறுபடி மின்னியது. இந்தத் தடவை எடுத்தார்.

“அம்மா, புஸ்தகம் இன்னிக்கு வராது.”

“ஏன்ணே, உடம்பு சரியில்லையா?”

“எனக்கு நல்லாதான் இருக்கு. புஸ்தகத்துக்குத்தான் உடம்பு சரியில்ல. ‘தம்பி’யை எடுக்கணும்.”

 “மீன் கடைக்கு வந்து மீனை எடுத்துடுங்கன்னு சொல்றீங்களே அண்ணே,” என்றார் பதிப்பாளரம்மா.

“பெட்டி திரும்பி வந்துதுன்னு சொன்னீங்கல்ல. ஏன்னு யாரையாவது கேட்டீங்களா?”

“கேக்கல.”

“நானும் கேக்கல. இங்க மூணு பேர் வேலைக்கு வந்து உக்காந்திருந்தாங்க. மூணு பேருக்கும் தைரியம் வேணும். நான் விக்கறதும் அதைத்தான். மூணு பேருல ஒருத்தருக்குக்கூட எங்கிட்ட சரக்கு இல்லம்மா. தன் வீட்டு அடுப்பை அளந்து வெச்சுக்கிட்டு, அந்த அளவுக்கே குக்கர் வாங்கி அடுக்கினா கடை எப்படி ஓடும்?”

“அச்சகத்துல எடம் போயிடும்ணே.”

“போகட்டும்.”

“நீங்க சுலபமாச் சொல்லிடுவீங்க. பாடநூல்காரர்கிட்ட நான்தானே கெஞ்சணும்.” ஒரு பெருமூச்சு கேட்டது. “சரி, எடம் மாத்திக் கேக்கறேன். ஆனா தம்பியை எடுத்துட்டு, ‘பெரியோர்களே தாய்மார்களே’ன்னு மேடைப் பேச்சு மாதிரி போட்டுடாதீங்க. நானே வாங்க மாட்டேன்.”

“என்ன போடறதுன்னு தெரியலம்மா. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.”

“யாரைக் கேப்பீங்க?”

அண்ணன் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டார். அதற்குள் உள்கதவு திறந்தது. “அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்து பையை வாங்கிக்கொண்டார்.

“என்னாச்சு?”

“வெள்ளிக்கிழமை சொல்வாங்களாம்.”

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க. முதல் கேள்வியே அதுதான். வெளிய மாட்டியிருக்கற வரியை அடிச்சதே நான்தான்னேன். அந்த மாதிரி அஞ்சு புஸ்தகம், ஒரு தடவைகூட நாள் தவறினதில்ல. வீட்ல ஒரு சாமான் தீர்ந்துபோனப்புறம் வாங்கினதா சரித்திரம் இல்ல, தீர்றதுக்கு முன்னாடி வாங்கி வெச்சிருக்கேன். கிடங்கு வேலைன்னா அதுதானேன்னேன்.”

“அதுக்கு?”

“அந்த வரியில ஒரு தப்பு இருக்குன்னும் சொன்னேன். ஓடறவருக்கு ஷூ எடுத்து வெச்சது யாருன்னு எழுத விட்டுப்போச்சுன்னு.”

“முதலாளி என்ன சொன்னாரு?”

“ஏதோ எழுதிக்கிட்டாரு. சிரிச்சாரா, பல் வலியான்னு தெரியல.”

வரவேற்பாளர் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். கையில் அதே ‘ஓடு தம்பி’யும் ஒரு பேனாவும். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு கையெழுத்து.”

அண்ணன் பேனாவை வாங்கினார். பழக்கத்தில் கை ‘என்’ என்று எழுதிவிட்டது. அங்கேயே நிறுத்தினார். தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

“யாருக்குன்னு போடட்டும்மா?”

அவள் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்குன்னு வேணாம் சார். இங்க வந்து உக்கார்றவங்க எல்லாரும் படிக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. முதலாளிகிட்ட கேட்டுட்டு அந்தச் சட்டத்துக்குப் பக்கத்துல ஒட்டறேன்.”

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள். அண்ணன் நின்றபடியே எழுதினார். பாதியில் அடித்தார், மறுபடி எழுதினார். முடித்ததும் தாளை முதலில் அண்ணியிடம்தான் நீட்டினார்.

‘இந்த வாக்கியத்தை எழுதியவன் ஒன்றை மறந்துவிட்டான். புத்தகத்தைத் திறக்கிறவர் யாராகவும் இருக்கலாம். ஒருவருக்குத் தைரியம் சொல்லுகிற வார்த்தை, இன்னொருவர் தலைமேல் ஏறி நின்று சொல்லக் கூடாது.’

அண்ணி இரண்டு முறை படித்தார். நரைத்தவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஊன்றுகோல்காரர் பெயரை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது அவரும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார்.

“நீளமா இருக்கு,” என்றார் அண்ணி. “ஆனா தப்பில்ல.”

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் இறங்கியதும் அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரை இரண்டு பேருக்கும் தூக்கம் வரப்போவதில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

“இந்த அத்தியாயத்தை நீங்களே அடிங்க,” என்றார் அண்ணி. “நான் சொல்றேன்.”

“சரி. எங்க ஆரம்பிக்கட்டும்?”

“பயமா இருக்கான்னு கேளுங்க. படிக்கறவங்க பதில் சொல்ற வரைக்கும் சும்மா இருங்க.”